மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு விலா எலும்பு

ஒரு மனுஷியின் மூக்கு அவளுடைய சொந்தச் சொத்து என்று நம்புகிறவர்கள், அந்த நம்பிக்கையை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காதவர்கள். கண்ணாடிக் கடை மூக்கக்கா சொல்லிப் பார்த்தாள். ஒரே வாரத்தில் அந்த மூக்குக்குப் பங்காளிகள் முளைத்துவிட்டார்கள்.

மூக்கக்கா என்பது கடையில் வைத்த பெயர். அந்தக் கடையில் கண்ணைப் பார்ப்பது மாடியில் இருக்கும் கண் டாக்டர். லென்ஸ் அறுப்பது பின்னறையில் இருக்கும் லென்ஸ்காரர். அறுத்த லென்ஸை ஃப்ரேமில் போட்டு, அந்த ஃப்ரேமை ஒரு மனித முகத்தில் நழுவாமல் உட்கார வைப்பது மூக்கக்கா. பத்தொன்பது வருஷமாக அதுதான் வேலை. கையில் ஒரு சின்னக் குறடு, மேஜையில் ஒரு சூடுகாற்றுப் பெட்டி, மேல்பையில் ஒரு மில்லிமீட்டர் ஸ்கேல். கூர்மூக்கு, சப்பை மூக்கு, உடைந்து கோணலாகக் கூடின மூக்கு, அப்பா மூக்கு அப்படியே மகனுக்கு இறங்கின மூக்கு என்று அவள் கை படாத ரகம் இல்லை. தெருவில் போகிறவர்களை அவள் முகத்தால் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை, கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காரும் பேடுகளால்தான். "அதோ போறாரே, இடது பேடு உள்ளே, வலது பேடு வெளியே" என்பாள்.

கடைக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் உட்காருவார்கள். "எனக்கு எதுவும் நிக்காதும்மா, என் மூக்கு அப்படி" என்று ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் சொல்வார்கள். மூக்கக்காவுக்கு உடனே பற்றிக்கொண்டு வரும்.

"மூக்குல தப்பில்ல, ஃப்ரேம்லதான் தப்பு. ஒரு நிமிஷம் குடுங்க."

குறடால் பேடை அரை மில்லிமீட்டர் வளைப்பாள். கண்ணாடி போய் நிற்கும். வந்தவர் குனிந்து, நிமிர்ந்து, தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, வாழ்நாள் பழி ஒன்று நீங்கினவர்போல எழுந்து போவார். இப்படி ஊர் மூக்குகளுக்கெல்லாம் விடுதலை வாங்கிக் கொடுத்தவளுக்குத் தன் மூக்கோடு மட்டும் ஒரு பழைய வழக்கு இருந்தது.

வழக்கைத் தொடங்கிவைத்தவன் அவளுடைய அண்ணன். அவனுக்குப் பதினொரு வயதிருக்கும்போது, தங்கை தரையில் மல்லாந்து படுத்திருந்ததைப் பார்த்து, "டபுள் பேரல்!" என்று கூவினான். இரட்டைக்குழல் துப்பாக்கியை அவன் அதற்கு முந்தின நாள்தான் ஏதோ பத்திரிகையில் பார்த்திருந்தான். பார்க்காமல் இருந்திருந்தால் ஒரு வரலாறே மாறியிருக்கும். இன்றைக்கு அண்ணனுக்கு வயது நாற்பத்தாறு, தலையில் முடி இல்லை, அவன் கைபேசியில் தங்கையின் பெயர் இன்னமும் டபுள் பேரல்தான்.

மூக்கக்காவுக்கு மூக்கின் மேல்பாகத்தோடு சண்டை இல்லை. அதில் கண்ணாடி நிற்கிறது, சளி பிடிக்கிறது, கோபம் ஏறுகிறது. ஒரு மூக்கு செய்ய வேண்டிய வேலைகளை அது குறைவில்லாமல் செய்கிறது. கீழே துவாரங்கள் இரண்டும் பக்கவாட்டில் கொஞ்சம் விரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். அதை மட்டும் கொஞ்சம் குறுக்கிக்கொள்ள வேண்டும் என்று பள்ளி நாளிலிருந்தே ஒரு ஆசை. மகள் வேலைக்குப் போய், வீடு கொஞ்சம் காலியானபோது அந்த ஆசையைத் தூசி தட்டி எடுத்தாள். முதலில் கணவரிடம் சொன்னாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் யோசித்துத்தான் கேட்பார்.

"மூச்சு விட இடம் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப சரி."

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அவர் அன்றைக்கே தன் அக்காவிடம் போனில் பேசும்போது, பேச்சுக்கு வேறு எதுவும் கிடைக்காமல், இதை எடுத்துவிட்டார். நாத்தனார் அதை மூக்கக்காவுடைய அண்ணனின் மனைவியிடம் சொன்னாள். அண்ணி அதைக் குடும்பக் குழுவில் போட்டாள். சாயந்தரத்துக்குள் பதினேழு பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அதில் நாலு பேர் மூக்கக்காவை நேரில் பார்த்து ஆறு வருஷம் இருக்கும். ஒருவர் கைத்தட்டுகிற பொம்மையைப் போட்டிருந்தார், எதற்கென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சிகளும் நேரிலேயே வந்துவிட்டன.

நாத்தனார் பள்ளி ஆசிரியை. நாற்காலியில் உட்கார்ந்ததுமே பாடம் தொடங்கிவிட்டது. "கடவுள் கொடுத்ததை நாம கத்திரிக்கலாமா? இயற்கையா இருக்கறதுதான் அழகு. இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் புத்தி?" இதைச் சொன்ன தலைக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கறுப்புச் சாயம் போடப்படுகிறது என்பதையும், சொன்ன வாயில் போன வருஷம் வரை பல் கம்பி இருந்தது என்பதையும் மூக்கக்கா நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை. நாத்தனார் ஆயிற்றே.

அண்ணி எதிர்க்கட்சி. அண்ணிக்கு எதைச் செய்தாலும் முழுசாகச் செய்ய வேண்டும். சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று ஆள் கூப்பிட்டவள், அந்த ஆள் போவதற்குள் தரை, சுவர், அலமாரி, ஜன்னல் எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். குழாய் இன்னும் சொட்டுகிறது.

"ஓட்டையை மட்டும் சின்னதாக்கினா மேல இருக்கறது பழசாத் தெரியும், பாத்துக்கோ. செய்யறதே செய்யற, முழு மூக்கையும் மாத்திடு. என் ஃப்ரெண்டோட கொழுந்தியா பண்ணிக்கிட்டா. அவ அம்மாவுக்கே அடையாளம் தெரியல!"

"அது நல்லதா அண்ணி?"

"பின்ன? அவ்வளவு துல்லியமான வேலை!"

"நான் ஓட்டையை மட்டும்தான் கேக்கறேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. புதன்கிழமை லீவு போடு. நான் கூட்டிட்டுப் போறேன்."

இரண்டு பெண்கள் ஒரு மூக்கின் இரு பக்கமும் நின்று இழுக்க, அந்த மூக்குக்குச் சொந்தக்காரி வந்தவர்களுக்குக் காப்பி போட எழுந்து போனாள். அடுப்படியில் நின்று யோசித்தாள். மூக்கு என்னுடையது, விரிந்ததும் என்னுடையது, குறைக்க ஆசைப்பட்டதும் நான். இதில் ஓட்டெடுப்பு எங்கிருந்து வந்தது?

புதன்கிழமை மூக்கக்காவும் அண்ணியும் மூக்கு மாற்றுகிற அந்தக் கிளினிக்குக்குப் போனார்கள். அது ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. மருந்து வாசனைக்குப் பதில் பூ வாசனை, நோயாளி உட்காரும் பெஞ்சுக்குப் பதில் வெள்ளை சோபா. சுவரெல்லாம் பெண்களின் முகங்கள், இரண்டிரண்டாக. இடதுபக்கம் 'முன்', வலதுபக்கம் 'பின்'. முன் பெண்கள் எல்லோரும் கடன் கேட்க வந்தவர்கள்போல வாடியிருந்தார்கள். பின் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். தலைமுடியும் வாரியிருந்தார்கள். மூக்கை மாற்றினால் சீப்பும் கிடைக்கும் போலிருக்கிறது என்று மூக்கக்கா நினைத்துக்கொண்டாள்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஆலோசகரைப் பார்க்க வேண்டுமாம். ஆலோசகர் இருபத்தைந்து வயதுப் பெண். குரலில் சர்க்கரைப் பாகு.

"சொல்லுங்க மேடம், உங்க மூக்குல உங்களுக்கு எது பிடிக்கல?"

"துவாரம் மட்டும் கொஞ்சம் விரிஞ்சிருக்கு. அதைக் கொஞ்சம் குறைக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஓகே மேடம். அது தவிர?"

"அது தவிர எல்லாம் பிடிச்சிருக்கு."

ஆலோசகர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, மேஜைக்கு மேலாக நீட்டி, மூக்கக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் படம் பிடித்தார். அதைச் சுவரில் இருந்த பெரிய திரைக்கு அனுப்பினார்.

மூக்கக்கா திடுக்கிட்டுப்போனாள். திரையில் ஒரு மூக்கு இருந்தது. அதற்குப் பின்னால், அதைத் தொங்கவிடுவதற்காக ஏற்பட்டதுபோல, கொஞ்சம் முகமும் இருந்தது. அண்ணி "ஐயோ" என்றாள். நல்லெண்ணத்தில்தான்.

"பாருங்க மேடம், துவாரத்தை மட்டும் குறைச்சா, நுனி இன்னும் உருண்டையாத் தெரியும். பேலன்ஸ் போயிடும். அதனால நாங்க முழுசாத்தான் ரெகமண்ட் பண்றோம். விலாவுல இருந்து ஒரு சின்னத் துண்டு குருத்தெலும்பு எடுத்து, மேல பாலம் மாதிரி கட்டி, நுனியைத் தூக்கி, அப்புறமா துவாரத்தை..."

"அப்புறமாவா? நான் வந்ததே அதுக்குத்தானேம்மா."

"அது இதுலயே அடங்கிடும் மேடம்."

"விலா எலும்பு எதுக்கு?"

"சின்னத் துண்டுதான் மேடம். நீங்க மிஸ் பண்ண மாட்டீங்க."

அண்ணி குறுக்கிட்டாள். "இருபத்துநாலு எலும்பு இருக்கே, ஒண்ணுல துளி போனா என்ன? நீங்க மேல சொல்லுங்க."

ஆலோசகர் மேலே சொன்னார். மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். மூக்குக்கு ஒரு வாரம் கட்டு. வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆறு வாரத்துக்கு மூக்கின்மேல் கண்ணாடி படக் கூடாது.

"நான் கண்ணாடி இல்லாம எதுவும் பாக்க முடியாது. என் வேலையே கண்ணாடிக் கடைலதான்."

"நோ ப்ராப்ளம் மேடம். கண்ணாடியை நெத்தியில டேப் போட்டு ஒட்டிக்கலாம்."

கண்ணாடிக் கடையின் முகப்பில், நெற்றியில் பிளாஸ்திரியால் கண்ணாடியை ஒட்டிக்கொண்டு நின்று, 'வாங்க சார், உங்களுக்கு நழுவாத ஃப்ரேம் காட்டறேன்' என்று தான் சொல்லும் காட்சி மூக்கக்காவின் கண்முன் வந்துபோனது. எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் ஆலோசகர் திரையில் ஆறு மூக்குகளை வரிசையாக வைத்தார். ஆறும் மூக்கக்காவின் முகத்திலேயே பொருத்தப்பட்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வேறு.

இங்கேதான் மூக்கக்கா தவறு செய்தாள். அவள் தொழிலில் இருப்பவர்கள் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தவறு. மற்ற பெண்களாக இருந்தால் எந்த மூக்கு அழகு என்று பார்த்திருப்பார்கள். மூக்கக்கா எந்த மூக்கில் ஃப்ரேம் நிற்கும் என்று பார்த்தாள். நாலாம் எண் மூக்கைக் கண்டதும் அவள் விரல்கள் தானாகவே மேஜையில் தாளம் போட்டன. நடுவில் நல்ல உயரம், இரண்டு பக்கமும் ஒரே சரிவு, பேடே தேவையில்லை, கடையில் தொங்குகிற எதை மாட்டினாலும் ஆணி அடித்ததுபோல நிற்கும். பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு மூக்கு வந்து உட்கார்ந்ததே இல்லை.

"நாலு," என்றாள்.

"சூப்பர் சாய்ஸ் மேடம்!" என்றார் ஆலோசகர். அடுத்த மாதம் பத்தாம் தேதி என்று தேதியும் போட்டார். நாலாம் மூக்கோடு கூடிய படத்தையும் 'முன்' படத்தையும் மூக்கக்காவின் கைபேசிக்கு அனுப்பிவைத்தார். டாக்டரைப் பார்க்க முடியவில்லை. அவர் வேறு ஒரு மூக்குக்குள் இருந்தார்.

மறுநாள் கடையில் முதல் ஆளாக ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். தாராளமான மூக்கு, நடுவில் மேடே இல்லை. அவர் ஆசைப்பட்டு எடுத்த ஃப்ரேம் மூக்கில் உட்கார்ந்த வேகத்தில் மேலுதட்டுக்கு வந்துவிட்டது.

"நான்தான் சொன்னேனேம்மா, என் மூக்கு..."

"மூக்குல தப்பில்ல, ஃப்ரேம்லதான்..."

மூக்கக்கா பாதியில் நிறுத்தினாள். வாய் பழக்கத்தில் சொல்லிக்கொண்டு போனதை அன்றைக்குத்தான் காது கேட்டது. ஃப்ரேமை வாங்கி, காதில் மாட்டும் காலின் உட்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்களைப் பார்த்தாள். நடுப்பாலத்தின் அளவு பதினெட்டு. கடையில் நூற்றுக்கு எண்பது ஃப்ரேம் அதுதான். எந்த ஊரிலோ யாரோ ஒருவன் மனத்தில் வைத்திருந்த ஒரு மூக்குக்கு அளவெடுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அந்த யாரோ ஒருவனின் மூக்குத்தான் நாலாம் எண். அவள் தனக்கு மூக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. பதினெட்டாம் நம்பர் ஃப்ரேமுக்கு ஒரு மூக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதற்குத் தன் விலா எலும்பையும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறாள்!

ஓட்டுநருக்கு உயரமான பேடு மாற்றி, வளைத்து, அனுப்பிவைத்தாள். அவர் போனதும் நேராகப் பின்னறைக்குப் போனாள்.

லென்ஸ்காரர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்குமேல் பேசினால் அது வதந்தி. மூக்கக்கா கைபேசியை நீட்டினாள். 'முன்' படத்தை அவர் உற்றுப் பார்த்தார்.

"எவ்வளவு தூரத்துல எடுத்தது?"

"ஒரு சாண் இருக்கும்."

"அதான்," என்றார்.

மூக்கக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வருஷக்கணக்காக லென்ஸோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதுகூடத் தோன்றவில்லையே! கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். முகத்தில் கிட்டே இருப்பது மூக்கு. கைபேசியை மூஞ்சியில் கொண்டுபோய் முட்டினால் யாருக்குத்தான் மூக்கு பரங்கிக்காய் ஆகாது? 'பின்' படங்களில் காதுகூட நன்றாகத் தெரிந்ததே, அவற்றை அறையின் அந்தக் கோடியில் நின்று எடுத்திருப்பார்கள்!

"அளங்க," என்றாள் மூக்கக்கா, ஸ்கேலை எடுத்துக் கொடுத்து.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. தன் முகத்தைத் தானே அளக்கக் கூடாது. கண்ணாடியில் பார்த்து அளந்தால் கண் நகரும், கை நகரும், அளவு பொய் சொல்லும். அதனால் ஊரையெல்லாம் அளந்தவள் தன் மூக்கை ஒருநாளும் அளந்ததில்லை. அண்ணனின் வாய்தான் அவளுக்கு அதுவரை ஸ்கேலாக இருந்தது.

லென்ஸ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்கேலை வைத்தார். முதலில் இரண்டு கண்களின் உள்முனைகளுக்கு நடுவே. "முப்பத்தினாலு." பிறகு மூக்கின் அடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. "முப்பத்தேழு."

கண்களுக்கு நடுவே எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் மூக்கின் அடி அகலம் இருந்தால் பாந்தமாக இருக்கும் என்பது முக அழகு பார்க்கிறவர்கள் சொல்லிக்கொள்கிற ஒரு கணக்கு. கைபேசிப் படத்தையும் அதே விகிதத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல நாற்பத்தொண்ணு."

"அப்ப நாலு மில்லி?"

"கேமரா போட்டது."

"என்னோடது?"

"மூணு."

மூன்று மில்லிமீட்டர். ஒரு அரிசியின் பாதி நீளம்! முப்பத்தைந்து வருஷத்துக் கேலி, பதினேழு பேரின் கருத்து, வெள்ளை சோபா, விலா எலும்பு, நெற்றியில் பிளாஸ்திரி, எல்லாம் இந்த அரை அரிசிக்கா? மூக்கக்காவுக்கு மூக்கு நுனிவரை கோபம் ஏறியது. அந்த நுனியைத்தான் தூக்கிக் கட்டப் பார்த்தார்கள் என்று நினைத்ததும் இன்னும் ஏறியது.

மதியமே அரைநாள் லீவு சொல்லிவிட்டு அந்த இடத்துக்குப் போனாள். இந்தத் தடவை அண்ணியைக் கூப்பிடவில்லை. ஆலோசகரின் சர்க்கரைப் பாகையெல்லாம் தாண்டி, டாக்டர் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். டாக்டர் ஐம்பது வயதுக்காரர், நல்ல சட்டை, இடதுபக்கம் சாய்ந்த கண்ணாடி. திரையில் அவளுடைய படத்தைப் போட்டுக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த மூக்கைப் பார்க்கவில்லை.

"நாலாம் நம்பர். குட். என்ன சந்தேகம்?"

"எனக்கு அது வேண்டாம் டாக்டர். துவாரத்தை மட்டும் குறைக்கணும். மூணு மில்லி."

"மூணு மில்லின்னு யாரு சொன்னா?"

"ஸ்கேல் சொல்லுச்சு."

டாக்டர் சிரித்தார். "மேடம், இது துணி தைக்கிற வேலை இல்ல. நாங்க முகத்தோட ஹார்மனி பாக்கறோம்."

"எங்க பாத்தீங்க? ஒரு சாண் தூரத்துல எடுத்த படத்துலயா? அதுல என் மூக்கு நாலு மில்லி கூட இருக்கு டாக்டர். அந்த நாலு மில்லி உங்க கேமராவோடது. அதை எங்கிட்டேருந்து எப்படி வெட்டி எடுப்பீங்க?"

டாக்டர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"போட்டோ சும்மா ஒரு ரெஃபரன்ஸுக்கு..."

"அந்த ரெஃபரன்ஸைக் காட்டித்தானே விலா எலும்பு கேட்டாங்க? நான் உங்ககிட்ட வந்து என் மூக்கு மொத்தமும் பிடிக்கலன்னு சொன்னேனா? அப்படிச் சொல்லி வர்றவங்க இருக்கலாம், அவங்களுக்குப் பண்ணுங்க, அது அவங்க இஷ்டம். எனக்கு மேல சண்டை இல்ல. நான் கடையில பேடை அரை மில்லி வளைக்கறேன். கண்ணாடி நழுவுதுன்னு வந்தவரோட தலையையே மாத்தணும்னு சொல்றதில்ல."

"சின்னது மட்டும் நாங்க தனியாச் செய்யறதில்ல," என்றார் டாக்டர், கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே.

"ஏன், அதுக்குக் கத்தி கிடையாதா?"

மூக்கக்கா எழுந்தாள். எழுந்தவள் போயிருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மேல்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, "ஒரு நிமிஷம், ஆடாதீங்க" என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லும் அதே குரலில் சொன்னாள். அந்தக் குரலுக்கு மாஜிஸ்திரேட்டே ஆடாமல் உட்கார்ந்திருக்கிறார். டாக்டரும் உட்கார்ந்தார்.

"கண்ணுக்கு நடுவுல முப்பத்திரண்டு. மூக்கு நாற்பது. உங்களுக்கு எட்டு மில்லி கூட டாக்டர்."

டாக்டரின் கை அனிச்சையாக மூக்கை மூடிக்கொண்டது.

"பயப்படாதீங்க, நல்லா இருக்கு. ஹார்மனியாத்தான் இருக்கு. கண்ணாடியைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா."

அவருடைய கண்ணாடியை வாங்கி, பையிலிருந்த குறடால் இடது பேடைக் கொஞ்சம் உள்ளே வளைத்து, மூச்சு விட்டுத் துடைத்து, அவர் முகத்தில் மாட்டினாள். சாய்வு போய்விட்டது. டாக்டர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"மூணு மாசமா நழுவிட்டே இருந்தது. நான் என் மூக்குதான்னு..."

"மூக்குல தப்பில்ல," என்று சொல்லிவிட்டு மூக்கக்கா வெளியே வந்தாள். ஆலோசகர் "பத்தாம் தேதி மேடம்?" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. "அன்னிக்கு எனக்குக் கடை இருக்கு," என்றாள்.

கதையை இந்த இடத்தில் முடித்து, அவள் தன் மூக்கைத் தடவிக்கொடுத்து, இதுவே எனக்குப் போதும் என்று வீட்டுக்குப் போனாள் என்று சொன்னால் நாத்தனாருக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்காகவே அப்படி நடக்கவில்லை. மூன்று மில்லி என்பது இல்லாத ஒன்றல்ல. அரை மில்லிக்காகக் குறடு பிடிக்கிறவளுக்கு அது நன்றாகவே தெரியும். அந்த மூன்றும் அவளுடையது, வைத்துக்கொள்வதும் விடுவதும் அவள் இஷ்டம். அவளுக்கு விட வேண்டும் போலிருந்தது.

வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "லிஃப்ட் கதவு ஒட்டலேன்னா கதவைத்தான் சரி பண்ணுவோம். கட்டடத்தை இடிக்க மாட்டோம். நான் அப்பவே சொல்லலாம்னு நினைச்சேன்" என்றார்.

"நினைச்சா சொல்றதுக்கென்ன? உங்க அக்காகிட்ட மட்டும் நினைக்கறதுக்கு முன்னாடியே சொல்லத் தெரியுது!"

கணவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அது நேற்றையது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வயதான சர்ஜன் இருந்தார். கிழிந்த காது மடல், தீக்காயத் தோல், பிளந்த உதடு என்று நாள் முழுக்கத் தைத்துக்கொண்டே இருப்பவர். சுவரில் படம் கிடையாது, சோபா கிடையாது. மூக்கக்காவை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து, மூக்கையே பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா வந்த?"

"இதுக்குத்தான்."

"சரி. ரெண்டு பக்கமும் அடியில கொஞ்சம் எடுப்பேன். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சுட்டுத்தான். மடிப்புல மெல்லிசாத் தழும்பு இருக்கும். ரெண்டு பக்கமும் அச்சு மாதிரி வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, அதனால கம்மியாத்தான் எடுப்பேன். சம்மதமா?"

பத்தொன்பது வருஷம் பேடு வளைத்தவளுக்கு இதைவிட நல்ல பேச்சு என்ன வேண்டும்? கூட வளைத்தால் கம்பி ஒடியும். கொஞ்சம் வளைத்து, பார்த்து, மறுபடி வளைக்க வேண்டும். "சம்மதம்," என்றாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, அவரும் இந்தத் தடவை அக்காவிடம் பேச வேறு விஷயம் தேடிக்கொண்டார். ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். எட்டாம் நாள் கடைக்குப் போனாள்.

அப்போதுதான் உண்மையான அநியாயம் தொடங்கியது. ஒருவரும் கவனிக்கவில்லை. மூக்கக்கா முகப்பு மேஜையின் பெரிய விளக்குக்கு அடியில் நின்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பில் போடுகிற பெண், "என்னக்கா, கழுத்து வலியா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சிகளும் வந்தன. அண்ணி கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள். மூக்கக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"முகம் தெளிவா இருக்கே. நல்லாத் தூங்கினியா?" என்றாள் அண்ணி. "ஆனா உனக்கு தைரியமே இல்ல, போ. கடைசி நேரத்துல பயந்து பின்வாங்கிட்ட. நாலாம் நம்பர் எவ்வளவு எடுப்பா இருந்தது!"

நாத்தனார் மோவாயில் கை வைத்து அழகு பார்த்தாள். "நல்லதாப் போச்சு, நான் சொன்னதைக் கேட்ட. கடவுள் கொடுத்தது கடவுள் கொடுத்ததுதான். இப்பப் பாரு, எவ்வளவு பாந்தமா இருக்கு!"

வயதான சர்ஜன் மரத்துப்போக ஊசி போட்டு, கண்ணைச் சுருக்கி, பொடி நூலால் தைத்ததற்குக் கடவுள் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போனார். போனில் அண்ணன் "என்ன டபுள் பேரல், சௌக்கியமா?" என்றான். ஒரு மூக்குக்காகப் பொதுக்கூட்டம் போட்டவர்களில் ஒருவருக்கும் அந்த மூக்கு எப்படி இருந்தது என்றே தெரியாது! எதைத்தான் பார்த்து இத்தனை கருத்துச் சொன்னார்கள்? சொல்லிவிடலாமா என்று மூக்கக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த கூட்டம் தொடங்கிவிடும். வாயை மூடிக்கொண்டு காப்பி போடப் போனாள்.

திங்கட்கிழமை பின்னறைக்குப் போய் லென்ஸ்காரர் முன்னால் நின்றாள். ஸ்கேலை மட்டும் நீட்டினாள். அவர் இயந்திரத்தை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

"முப்பத்தினாலரை."

"அரை எங்கேருந்து வந்தது?"

"வீக்கம். வடியும்."

"வடியலேன்னா?"

"வடியலேன்னா அரை."

நியாயமான பதில். அவள் ஸ்கேலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். லென்ஸ்காரர் அன்றைய கணக்குக்குமேல் ஒரு வாக்கியம் செலவு செய்தார்.

"இடது மடிப்புல தழும்பு தெரியுது."

"தெரியுதா?" என்றாள் மூக்கக்கா. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நிஜமாவே தெரியுதா?"

"தெரியுது."

அப்பாடா, இத்தனை பேரில் ஒருத்தராவது பார்த்தாரே என்று முகப்புக்கு வந்தாள். அங்கே ஒரு அம்மாள் புதுக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் மூக்கைப் பற்றி மன்னிப்புக் கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மூக்கக்கா அவள் வாயைத் திறக்கவே விடவில்லை. குறடை எடுத்துவிட்டாள்.